பங்சார்: பதினைந்து வருடம் இருந்த ஒரு தொகுதி

1964 ஏப்ரல் 25-ஆம் தேதி நடந்த பொதுத்தேர்தலில் பங்சார் நாடாளுமன்றத் தொகுதியின் ஓட்டு வித்தியாசம் வெறும் 808. ஜெயித்தவர் தேவன் நாயர், சிங்கப்பூரிலிருந்து வந்த மக்கள் செயல் கட்சியின் வேட்பாளர். தோற்றவர் வி. டேவிட், அந்தத் தொகுதியின் அன்றைய உறுப்பினர், சோசலிச முன்னணிக்காரர். இருவரும் தொழிற்சங்கவாதிகள். இருவரும் விசாரணை இல்லாமல் சிறையில் அடைக்கப்பட்டவர்கள். நாட்டில் இந்தியர்கள் பெரும்பான்மையாக இருந்த நாடாளுமன்றத் தொகுதி என்று ஒன்று அன்றும் இல்லை, இன்றும் இல்லை. அப்படியிருக்க, ஒரு நகரத் தொகுதியில் ஒரு தமிழரும் ஒரு மலையாளியும் இவ்வளவு நெருக்கமாக மோதியிருக்கிறார்கள். இரண்டு பேரும் இந்தியர்களின் பிரதிநிதி என்று சொல்லி ஓட்டுக் கேட்டவர்கள் இல்லை.

இந்தத் தொகுதி இப்போது கிடையாது. 1959, 1964, 1969 என்று மூன்றே பொதுத்தேர்தல்தான் பார்த்தது. 1974-இல் பட்டியலிலிருந்து போய்விட்டது. நம் ஆட்களின் அரசியல் வரலாற்றை ம.இ.கா.வின் வரலாறாகவே எழுதிப் பழகிவிட்டோம். அதற்கு வெளியே என்னவெல்லாம் நடந்தது என்று பார்க்க பங்சார் நல்ல இடம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பெயரிலிருந்தே தொடங்கலாம். இன்றைக்குப் பங்சார் என்றால் காப்பிக் கடைகளும் கோடிக்கணக்கில் விலைபோகும் வீடுகளும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் அது ஒரு ரப்பர் தோட்டத்தின் பெயர். புங்கே, கிரிசார் என்ற இரண்டு ஐரோப்பிய வியாபாரிகளின் பெயர்களை ஒட்டவைத்து 'புங்சார் எஸ்டேட்' ஆனது என்பார்கள். பழைய ஆவணங்களில் ஆங்கில எழுத்துக்கூட்டல்கூட அப்படித்தான் இருக்கும். தோட்டத்துக்குப் பக்கத்தில் மின்நிலையம். கொஞ்சம் தள்ளி பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே யார்டு, ரயில்வே குவார்ட்டர்ஸ். இன்றைக்கு கே.எல். சென்ட்ரல் நிற்கும் இடம்தான் அந்த யார்டு. பால்மரம் வெட்டியவர்கள், கரண்டு போர்டில் வேலை செய்தவர்கள், ரயில் பெட்டி தள்ளியவர்கள், அரசாங்க ஆபீசில் கிராணியாக இருந்தவர்கள் என்று பல வகைத் தமிழர்கள் ஒரு மணி நேர நடைக்குள் வாழ்ந்த வட்டாரம் இது.

அவர்களில் எத்தனை பேருக்கு ஓட்டு இருந்தது என்பது வேறு கதை. 1955-இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் வாக்காளர்களில் 84 விழுக்காட்டினர் மலாய்க்காரர்கள். இந்தியர்கள் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. சுதந்திரத்தோடு குடியுரிமைச் சட்டம் மாறிய பிறகு, 1959-இல் அது 7 விழுக்காட்டைத் தாண்டியது. அப்போதும் பிரஜாவுரிமைக்கு மனுப்போடாதவர்கள், போடத் தெரியாதவர்கள், 'ஊருக்குப் போறவனுக்கு எதுக்கு இதெல்லாம்' என்று இருந்துவிட்டவர்கள் ஏராளம். என் பெரியப்பா ரயில்வேயில் இருந்தவர். சிவப்பு ஐசியோடு பல வருடம் ஓட்டிவிட்டு அப்புறம்தான் நீல ஐசி வாங்கினார். "கூட்டம் நடந்தா முன்னால போய் நிப்போம், கைதட்டுவோம். ஓட்டுப் பெட்டிகிட்டதான் நமக்கு வேலை இல்ல" என்பார். கூட்டத்தின் அளவை வைத்து அந்தக் காலத் தேர்தலை எடைபோடக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

*

1959 ஆகஸ்டு 19. சுதந்திர மலாயாவின் முதல் பொதுத்தேர்தல். மொத்தம் 104 தொகுதிகள். அலையன்ஸ் கூட்டணி 74 இடங்களில் ஜெயித்தது: அம்னோ 52, ம.சீ.ச. 19, ம.இ.கா. 3. எதிர்ப்பக்கம் பாஸ் கட்சிக்கு 13, சோசலிச முன்னணிக்கு 8. அந்த எட்டில் ஒன்று பங்சார்.

சோசலிச முன்னணி என்பது இரண்டு கட்சிகளின் கூட்டு. ஒன்று மலாயா தொழிலாளர் கட்சி, மற்றது அகமது புஸ்தாமாமின் பார்ட்டி ராக்யாட். புஸ்தாமாம் அதே தேர்தலில் செத்தாப்பாக்கில் ஜெயித்தார். டேவிட் தொழிலாளர் கட்சிக்காரர். 1932-இல் பிறந்தவர், நாடாளுமன்றத்துக்குள் போகும்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. அதற்கு முந்தைய வருடம்தான் அவசரகாலச் சட்டத்தின் கீழ் அவரைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். அவர் நடத்திய தேசிய ஆலை, பொதுத் தொழிலாளர் சங்கத்தின் பதிவையும் ரத்து செய்தார்கள். சங்கம் இல்லாத சங்கத் தலைவரை வாக்காளர்கள் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிவைத்தார்கள்.

இங்கே கிள்ளானைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதே 1959-இல், அதே சிலாங்கூரில், கிள்ளான் தொகுதியில் ம.இ.கா.வின் வி. மாணிக்கவாசகம் ஜெயித்தார். 1974 வரைக்கும் அந்தத் தொகுதி அவர் கையில்தான் இருந்தது. பிறகு தொழிலமைச்சரானார், 1973-இல் ம.இ.கா.வின் தலைவரானார். டேவிட்டும் மாணிக்கவாசகமும் தமிழர்கள்தான், போன பாதைதான் வேறு. கிள்ளானின் பாதை கூட்டணிப் பங்கீடு. எந்த இனக் கட்சிக்கு எத்தனை இடம் என்று தலைவர்கள் மேசையில் பேசி முடிப்பார்கள். இந்தியருக்கு ஒதுக்கிய இடத்தில் மலாய், சீன ஓட்டுகளும் கூட்டணியின் பேரால் வந்து விழும். பங்சாரின் பாதை சங்கம். சம்பளம், வேலைநேரம், வேலைநீக்கம் என்று ஆலைவாசலில் நின்று பேசியவனுக்கு, அந்த ஆலையில் வேலை செய்த யாரும் ஓட்டுப் போடலாம்.

கிள்ளான் பாதையைக் கேவலமாகப் பேசுவது சுலபம். ஆனால் அது நிலைத்தது, அமைச்சர் பதவி கொடுத்தது, தொகுதிக்கு ஏதோ செய்யவும் முடிந்தது. பங்சார் பாதையால் ஒரு முறைதான் டேவிட்டை அந்தத் தொகுதியில் உட்காரவைக்க முடிந்தது. ஏன் என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

*

தேவன் நாயர் 1923-இல் மலாக்காவில் பிறந்தவர். அப்பா ரப்பர் தோட்டத்தில் கிராணி. பத்து வயதில் குடும்பத்தோடு சிங்கப்பூர் போனார். பிரிட்டிஷ் எதிர்ப்பு அரசியலில் இறங்கி 1951-இல் ஒரு முறை, 1956-இல் மறுமுறை சிறைக்குப் போனார். 1959-இல் மக்கள் செயல் கட்சி சிங்கப்பூரில் ஆட்சியைப் பிடித்தபோது, சிறையிலிருக்கும் தன் தோழர்களை விடாமல் பதவியேற்க மாட்டேன் என்று லீ குவான் இயூ சொல்லிவிட்டார். அப்படி ஜூன் மாதம் வெளியே வந்தவர்களில் நாயரும் ஒருவர். அதாவது டேவிட் பங்சாரில் ஜெயிப்பதற்கு இரண்டு மாதம் முன்புதான் நாயர் சிறையை விட்டு வெளியே வந்திருக்கிறார்.

1963 செப்டம்பரில் மலேசியா உருவானது. அடுத்த ஏப்ரலில் தேர்தல். சிங்கப்பூரின் மக்கள் செயல் கட்சி தீபகற்பத்திலும் போட்டியிடப் போகிறது என்று அறிவிப்பு வந்தது. அடையாளத்துக்காகச் சில இடங்களில் மட்டும் நிற்கிறோம் என்றார்கள். குறி ம.சீ.ச.தான். அதன் தலைவர் தான் சியூ சின்னால் நகரத்துச் சீன வாக்காளர்களைப் பிடித்துவைக்க முடியாது, அம்னோவுக்குப் பொருத்தமான கூட்டாளி நாங்கள்தான் என்பது லீயின் வாதம். துங்கு அப்துல் ரஹ்மான் அதை ஏற்கவில்லை. பழைய கூட்டாளியை விட மாட்டேன் என்று நின்றுவிட்டார்.

மின்னல் சின்னத்துக்குக் கூட்டம் அள்ளியது. ஓட்டுப்பெட்டியைத் திறந்தபோது மொத்த வாக்கில் இரண்டு விழுக்காடுதான். அலையன்ஸ் 104-இல் 89 இடங்களை வாரிக்கொண்டது. இந்தோனேசியாவோடு மோதல் நடந்துகொண்டிருந்த நேரம் அது. நாடு ஆபத்தில் இருக்கிறது என்ற பிரச்சாரம் நன்றாகவே எடுபட்டது. மலேசியா அமைவதை எதிர்த்த சோசலிச முன்னணிக்கு சுகார்னோவின் ஆள் என்ற பட்டம் கிடைத்தது. புஸ்தாமாமை 1963-லேயே உள்ளே தள்ளியிருந்தார்கள். எட்டு இடம் வைத்திருந்த முன்னணி இரண்டுக்கு இறங்கியது: பத்துவில் டாக்டர் தான் சீ கூன், பினாங்கு டத்தோ கெராமாட்டில் லிம் கியான் சியூ.

மக்கள் செயல் கட்சி ஜெயித்த ஒரே இடம் பங்சார். ம.சீ.ச.வை வீழ்த்தத்தான் வந்தோம் என்றார்கள். அவர்கள் கைப்பற்றிய ஒரே தொகுதியில் தோற்றவர் தொழிலாளர் கட்சியின் டேவிட். ம.சீ.ச.விடமிருந்து ஒரு நாடாளுமன்ற இடத்தைக்கூட அவர்களால் எடுக்க முடியவில்லை. இடதுசாரிகளின் கையிலிருந்த ஓர் இடத்தைத்தான் எடுத்தார்கள்.

இதைத் துரோகம் என்று எழுதுபவர்களும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பங்சாரின் வாக்காளர்கள் 1964-லும் ஆளுங்கட்சியை நிராகரித்தார்கள். நாடே ஒரு பக்கம் சாய்ந்தபோது அவர்கள் மறுபக்கம் நின்றார்கள், அதுவும் மறுபடியும் ஒரு சங்கத்துக்காரரைத் தேடிப் பிடித்து. ஆனால் அந்த இரண்டு சங்கத்துக்காரர்களும் ஒரே மேடையில் நிற்க வழியில்லாமல் போயிருந்தது. ஒருவர் மலேசியாவை எதிர்த்த முகாமில், இன்னொருவர் மலேசியாவைக் கட்ட வந்த முகாமில். நாயர் 1961-இல் சிங்கப்பூரில் உருவான தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸை எழுப்பியவர். அதன் எதிர்ப்பக்கம் இருந்த இடதுசாரிச் சங்கங்களை அவருடைய கட்சியின் அரசாங்கமே ஒடுக்கியிருந்தது. ஆட்சியில் இருக்கும் சங்கமும் அடிவாங்கும் சங்கமும் பங்சாரில் மோதின என்றுகூடச் சொல்லலாம்.

*

அடுத்த வருடமே எல்லாம் தலைகீழானது. 1965 ஆகஸ்டு 9-இல் சிங்கப்பூர் பிரிந்தது. சிங்கப்பூரின் 15 உறுப்பினர்களும் கோலாலம்பூர் நாடாளுமன்றத்தை விட்டுப் போனார்கள். நாயர் போகவில்லை. அவர் சிங்கப்பூர் உறுப்பினர் இல்லையே, பங்சாரின் உறுப்பினர். இன்னொரு நாட்டை ஆளும் கட்சியின் பெயரில் இங்கே ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்ற விசித்திர நிலை. செப்டம்பரில் கட்சியின் பதிவு ரத்தானது. அக்டோபரில் புதுப் பெயரில் ஒரு கட்சியைத் தொடங்கினார்கள், 1966 மார்ச்சில் பதிவு கிடைத்தது. அதுதான் ஜ.செ.க. முதல் பொதுச்செயலாளர் தேவன் நாயர்.

இன்றைக்கு நாடாளுமன்றத்தில் நாற்பது இடம் வைத்திருக்கும் கட்சிக்கு, தொடக்கத்தில் நாடாளுமன்றத்துக்குள் இருந்த ஒரே பிடி பங்சார். அந்த 808 ஓட்டு மாறி விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பது வரலாற்றில் பயனில்லாத வேலைதான். இருந்தாலும் அந்தக் கேள்வி மனசை விட்டுப் போவதில்லை.

நாயர் பங்சாரில் மறுபடி நிற்கவில்லை. சிங்கப்பூருக்குத் திரும்பினார், தொழிற்சங்கக் காங்கிரஸை நடத்தினார், 1981-இல் அந்த நாட்டின் அதிபரானார், 1985-இல் பதவி விலகினார். டேவிட் 1968-இல் தான் சீ கூன், லிம் சோங் யூ, சையத் ஹுசேன் அலாத்தாஸ் முதலியவர்களோடு சேர்ந்து கெராக்கானைத் தொடங்கினார். அடுத்த வருடம் பினாங்குக்குப் போய் டத்தோ கெராமாட்டில் ஜெயித்தார். பிறகு ஜ.செ.க.வுக்கு வந்தார். ஆமாம், பங்சாரில் தன்னைத் தோற்கடித்தவர் தொடங்கிய அதே கட்சிதான். 1978-இல் டமன்சாராவிலும் 1986-இல் பூச்சோங்கிலும் ஜெயித்தார். மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸின் பொதுச்செயலாளராக இருந்தார். 1987 ஓப்பராசி லாலாங்கில் மறுபடியும் பிடித்துக்கொண்டு போனார்கள், இந்தமுறை இசா சட்டத்தில். டேவிட், நாயர் இருவருமே 2005-இல் காலமானார்கள்.

1969 மே 10. பங்சாரின் கடைசித் தேர்தல். தொழிலாளர் கட்சி தேர்தலைப் புறக்கணித்தது. கட்டடக் கலைஞரும் நகர்த் திட்டமிடல் படித்தவருமான கோ ஹொக் குவான் ஜ.செ.க. சார்பில் நின்று ஜெயித்தார். நாயருக்குப் பிறகு கட்சியின் பொதுச்செயலாளராக இருந்தவர் அவர். அந்தத் தேர்தலில் ஜ.செ.க.வுக்கு 13 இடம். மொழி, தாய்மொழிக் கல்வி, குடியுரிமையில் சமத்துவம் இவைதான் மேடைகளில் முன்னால் நின்ற பேச்சு. நியாயமான பேச்சுதான், தமிழர்களுக்கும் அது வேண்டியிருந்தது. ஆனால் பத்து வருடத்துக்கு முன் இதே தொகுதியில் முதல் பேச்சு கூலிப் பேச்சாக இருந்தது. மூன்று தேர்தலில் வர்க்கம் பின்னால் போய் இனம் முன்னால் வந்ததைப் பங்சாரை வைத்தே காட்டிவிடலாம்.

மூன்று நாளில் மே 13 வந்தது. நாடாளுமன்றம் 1971 பிப்ரவரி வரை கூடவில்லை. ஓட்டுப் போட்டு அனுப்பிய ஆளுக்கு உட்கார இடமில்லை. அதோடு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் எடுக்க வேண்டும் என்ற சட்டம் வந்தது. சுமார் 60,000 இந்தியர்கள் கப்பலேறினார்கள். கூட்டத்தில் முன்னால் நின்று கைதட்டிய சிவப்பு ஐசிக்காரர்களில் எத்தனை பேர் அந்தக் கப்பல்களில் இருந்தார்களோ.

*

பங்சார் தொகுதி எப்படி மறைந்தது என்பதைச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது.

1957 அரசியலமைப்பு தொகுதிகளின் வாக்காளர் எண்ணிக்கை ரொம்ப ஏறி இறங்கக் கூடாது, சராசரியிலிருந்து 15 விழுக்காடுதான் விலகலாம் என்றது. அதன்படி 1960-இல் தேர்தல் ஆணையம் புது வரைபடம் போட்டது, 104-ஐ 100-ஆகக் குறைத்தது. ஆளுங்கட்சிக்கு அது பிடிக்கவில்லை. 1962-இல் சட்டத்தைத் திருத்தி அந்த வரைபடத்தையே தூக்கிப்போட்டார்கள். கிராமத் தொகுதியில் நகரத் தொகுதியின் பாதி வாக்காளர் இருந்தால் போதும் என்றானது. 1973-இல் அந்தப் பாதி என்ற வரம்பும் எடுக்கப்பட்டது. இதன் பலன் இன்றுவரை வருகிறது. 2013-இல் காப்பாரில் 1,44,159 வாக்காளர்கள், புத்ராஜெயாவில் 15,791. 2022-இல் பாங்கியில் 3,03,430, சரவாக்கின் இகானில் 28,290. பாங்கிக்காரரின் ஒரு ஓட்டு இகான்காரரின் ஓட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

தோட்டம் உடைந்து, வீடு போய், நகரத்துப் பக்கம் வந்துசேர்ந்த தமிழனுக்கு இது நேரடியாக வலிக்கும் கணக்கு. அவன் வந்து குடியேறிய கிள்ளான் பள்ளத்தாக்கில்தான் ஓட்டின் எடை குறைந்துகொண்டே போனது.

இன்னொன்றும் நடந்தது. 1974 பிப்ரவரி 1-இல் கோலாலம்பூர் சிலாங்கூரிலிருந்து பிரிந்து கூட்டரசுப் பிரதேசமானது. அந்த வருடத் தேர்தலின் புது வரைபடத்தில் பங்சார் என்ற பெயர் இல்லை. 1950களின் கடைசியில் கோலாலம்பூர்வாசிக்கு மூன்று ஓட்டு இருந்தது: நகராண்மைக்கு ஒன்று, மாநிலத்துக்கு ஒன்று, நாடாளுமன்றத்துக்கு ஒன்று. 1960களின் தொடக்கத்தில் நகராண்மைத் தேர்தல் போனது. 1974-இல் மாநில ஓட்டும் போனது. மிஞ்சியது ஒன்று. தலைநகரத்தில் வாழ்வதற்கு நாம் கொடுத்த விலை என்று இதைச் சொல்ல வேண்டும். குப்பை அள்ளவில்லை, கால்வாய் அடைத்திருக்கிறது என்றால்கூட, நாம் ஓட்டுப் போட்டு மாற்றக்கூடிய ஆள் டி.பி.கே.எல்.லில் யாரும் இல்லை.

இன்று பங்சார் லெம்பா பந்தாய் தொகுதிக்குள் இருக்கிறது, எண் பி.121. 2008-இல் நூருல் இஸ்ஸா அங்கே அமைச்சர் ஷாரிசாட்டைத் தோற்கடித்தார். 2018-லிருந்து ஃபாமி ஃபாட்சில். பழைய பங்சாரின் எதிர்ப்புக் குணம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது போல என்று நண்பர்களிடம் விளையாட்டாகச் சொல்வதுண்டு.

ஒவ்வொரு தேர்தல் முடிந்ததும் நாம் செய்யும் முதல் வேலை, எத்தனை இந்தியர் ஜெயித்தார்கள் என்று எண்ணுவது. எண்ணட்டும், தப்பில்லை. நாமும் அங்கே இருக்கிறோமா என்ற கவலை சிறுபான்மைக்கு எப்போதும் இருக்கும். ஆனால் அந்த எண்ணிக்கை கிள்ளான் பாதையின் அளவுகோல். பங்சாரில் 1959-லும் 1964-லும் ஓட்டுப் போட்டவர்கள் வைத்திருந்த அளவுகோல் வேறு. இந்த ஆள் எங்கே நின்றார், யாருக்காக உள்ளே போனார் என்று பார்த்தார்கள். அப்படிப் பார்த்ததாலேயே இரண்டு முறை நம் ஆட்களையே அனுப்பினார்கள். 2018-இல் பத்து தொகுதியில் 22 வயது பிரபாகரன் சுயேச்சையாக நின்று ஜெயித்தபோது, அவர் யார் என்பதைவிட அவர் எந்தப் பக்கம் என்பதைத்தான் அங்குள்ள மலாய், சீன வாக்காளர்கள் பார்த்தார்கள். பங்சாரில் நடந்தது முழுக்கச் செத்துப்போகவில்லை என்பதற்கு அது ஒரு சாட்சி.

அப்படி ஓட்டு விழ, பின்னால் ஓர் அமைப்பு இருந்தது. டேவிட்டுக்கும் நாயருக்கும் சங்கம் இருந்தது. இன்று நம் பிள்ளைகள் உணவு டெலிவரி செய்கிறார்கள், பாதுகாவலர் வேலைக்குப் போகிறார்கள், கிடங்குகளில் காண்ட்ராக்ட்டில் நிற்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் வேலை செய்பவன் மலாய்க்காரனாகவோ வங்காளதேசியாகவோ இருக்கிறான். அவர்களைச் சேர்த்துவைக்கும் சங்கம் எது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இல்லை. 1959-லிருந்து நடந்த விவாதங்களின் ஹன்சார்டு நாடாளுமன்ற இணையத்தளத்திலேயே கிடக்கிறது. நேரம் கிடைக்கும்போது பங்சார் உறுப்பினர் என்று போட்டிருக்கும் பக்கங்களைத் தேடிப் படித்துப் பாருங்கள்.